என்ஜின் மாற்றிய வண்டியில் கிராங்க், கேம் சென்சார் வயரிங்: முழுமையான வழிகாட்டி

என்ஜினை இறக்கி உட்கார வைத்தாயிற்று. மவுண்ட் சரி, கியர்பாக்ஸ் சேர்ந்துவிட்டது, ரேடியேட்டரில் தண்ணீரும் ஊற்றியாயிற்று. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரும் வண்டிகளில், என்ஜின் மாற்றியவை அநேகமாக இந்த நிலையில்தான் வந்து சேர்கின்றன. பானெட்டைத் திறந்தால் கிராங்க் சென்சார் வயரையும் கேம் சென்சார் வயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். எர்த் எங்கோ ஒரு போல்ட்டில் இருக்கும்.

செய்தவர்களுக்கு வேலை தெரியும். வரிசைதான் மாறியிருக்கும். வயரை முதலில் வெட்டிவிட்டு, அது எதற்கு வந்த வயர் என்று அப்புறம் தேடியிருப்பார்கள். இந்த வேலையில் பாதி நேரம் அளப்பதற்கும் எழுதி வைப்பதற்கும் போக வேண்டும். கட்டரை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டு சென்சாரும் என்ன சொல்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கிராங்க் சென்சார் சொல்கிறது. ஆனால் பிஸ்டன் மேலே வருவது அமுக்கத்துக்கா, புகை தள்ளவா என்று அதற்குத் தெரியாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் எந்தச் சுற்று என்று சொல்வது கேம் சென்சாரின் வேலை. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) சரியான சிலிண்டருக்குப் பெட்ரோலும் பொறியும் அனுப்பும்.

1. எந்த ஈசியூ என்பதை முடிவு செய்யுங்கள்

இந்த என்ஜினை ஓட்டப்போவது எந்த வண்டியின் ஈசியூ? இதற்கு மூன்று வழி உண்டு. என்ஜினோடு அதே வண்டியின் ஈசியூவையும் கொண்டு வரலாம். உங்கள் வண்டியில் இருக்கிற ஈசியூவையே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புரோகிராம் செய்கிற தனி ஈசியூ போடலாம்.

முதல் வழிதான் தலைவலி குறைந்தது. ஈசியூவுக்குள் இருக்கும் புரோகிராம், கிராங்க்கோடு சுற்றும் பல்லுச் சக்கரத்தில் இத்தனை பல், இந்த இடத்தில் இடைவெளி, அந்த இடைவெளிக்கு இத்தனை பாகை தள்ளி முதல் பிஸ்டன் மேலே வரும் என்ற கணக்கோடு எழுதப்பட்டது. வேறு என்ஜினின் சக்கரத்தைக் காட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. வயரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொறி வராது.

ஆகவே மதுரையிலோ திருச்சியிலோ வண்டி உடைக்கும் கடையில் என்ஜின் எடுக்கும்போதே, ஈசியூ, சாவி, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பெட்டி, என்ஜின் வயரிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வயரிங்கை முழுதாகத் தர மறுத்தால், ஒவ்வொரு கப்ளரையும் (வயர் முனையில் இருக்கும் சாக்கெட்) குறைந்தது ஒரு அடி வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். கப்ளரின் கழுத்தை ஒட்டி வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஜாயின்ட் போட இடமே இருக்காது.

ஆர்.சி.யையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. என்ஜின் எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். என்ஜின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், ஈசியூ சொல்வதைப் படிக்கும் ஒரு ஸ்கேனர், இரண்டு வண்டியின் வயரிங் படமும். சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கையடக்க ஆசிலோஸ்கோப் இருந்தால் மிக நல்லது. விலை குறைந்ததே போதும், ஏனென்றால் செல்ஃப் அடிக்கும் வேகத்தில் வரும் சிக்னல் அவ்வளவு வேகமானதல்ல. 60 பல் கணக்குள்ள சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் நொடிக்குச் சுமார் 200 துடிப்புதான்.

நம் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைத்தான் எடுப்போம். இந்த வேலைக்கு அதைத் தள்ளி வையுங்கள். பல்பு இழுக்கும் கரன்ட் சிக்னல் வயருக்கும் ஈசியூவின் 5 வோல்ட் லைனுக்கும் தாங்காது. ஹெட்லைட்டில் கரன்ட் வருகிறதா என்று பார்க்க அது சரி, சென்சாரில் வேண்டாம்.

அடுத்து, ஷீல்டு (மேலே உலோக உறை) வைத்த முறுக்கு வயர், உள்ளே பசை உள்ள, சுட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப், ஈயம் ஒட்ட உதவும் ரோசின் பிளக்ஸ், சிலிக்கான் கிரீஸ். பிறகு ஒரு நோட்டு. செல்போனில் படம் எடுத்தாலும் நோட்டில் பின் எண் போட்டு எழுதுங்கள். படத்தில் வயர் தெரியும், அளவு தெரியாது.

3. பல்லை எண்ணுங்கள்

கிராங்க் சென்சார் பார்ப்பது ஒரு பல்லுச் சக்கரத்தை. அது முன்பக்கப் புல்லியில் இருக்கலாம், பிளாக்குக்கு உள்ளே கிராங்க்கிலேயே இருக்கலாம், ஃப்ளைவீலில் இருக்கலாம். பாஷ் முறையில் வந்த பல என்ஜின்களில் 60 பல்லுக்கு 2 பல் குறைவு, அதாவது 58 பல்லும் ஒரு இடைவெளியும். அங்கே ஒரு பல் 6 பாகை. ஃபோர்டு பெட்ரோல் என்ஜின்களில் 36க்கு 1 குறைவு, ஒரு பல் 10 பாகை. வேறு கணக்குகளும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டதை நம்பாமல் சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு நீங்களே எண்ணுங்கள்.

எண்ண வேண்டிய நேரம் என்ஜின் தரையில் இருக்கும்போது. உள்ளே ஏற்றிய பிறகு ஃப்ளைவீலைப் பார்க்க முடியாது.

பழைய கியர்பாக்ஸுக்கும் கிளச்சுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக ஃப்ளைவீலை மாற்றிவிடுவார்கள். புதிய என்ஜினுக்குச் சென்சார் பல் ஃப்ளைவீலில்தான் என்றால், அதைக் கழற்றிய அன்றே சிக்னலும் போயிற்று. செல்ஃப் மோட்டார் கடிக்கும் ரிங் கியர் பல்லை இந்தப் பல் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இடைவெளி இருக்காது. கியர்பாக்ஸ் மணியில் (ஃப்ளைவீலை மூடும் முன்பக்க உறை) சென்சாருக்குத் துளை இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். சென்சார் கப்ளரில் மாட்டி இருந்தது, ஆனால் அதன் மூக்கு நுழைய மணியில் துளையே இல்லை. கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கியர்பாக்ஸைத் திரும்ப இறக்க வேண்டியதாயிற்று.

ஃப்ளைவீலைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால், கிராங்க்கிலும் ஃப்ளைவீலிலும் சேர்த்து ஒரு அடையாளம் குத்திக்கொள்ளுங்கள். சில என்ஜின்களில் அது வேறு கோணத்திலும் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தால் இடைவெளி தப்பான இடத்தில் வரும்.

கூடவே டைமிங் அடையாளங்களையும், அதாவது கேமும் கிராங்க்கும் ஒத்து நிற்க வேண்டிய குறிகளையும், சரி பாருங்கள். கிராங்க் புல்லியில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், பெல்ட் ஒரு பல் தவறுவது 18 பாகை. அப்போது வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகவில்லை என்று ஈசியூ சொல்லும். நீங்கள் இல்லாத தவறை வயரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

4. சென்சார் எந்த வகை

இரண்டு வயர் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. உள்ளே காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். கரன்ட் கொடுக்க வேண்டியதில்லை. பல் கடக்கும்போது அதுவே மின்சாரம் உண்டாக்கும். கழற்றி வைத்து ஓம்ஸில் அளந்தால் பொதுவாகச் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம்ஸ் காட்டும். மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு இரும்பு ஸ்பேனரை அதன் மூக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள். எண் துள்ளினால் உயிரோடு இருக்கிறது.

மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை: கரன்ட், எர்த், சிக்னல். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் இதை ஓம்ஸில் அளந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இதில்தான் ஒரு சிக்கல். காந்தச் சுருள் சென்சாரிலும் மூன்றாவதாக ஷீல்டு வயர் வரலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அதற்கு 12 வோல்ட் கொடுத்தவர்கள் உண்டு. பிரித்தறிய, சென்சாரை விட்டுவிட்டு, ஈசியூவிலிருந்து சென்சாருக்கு வரும் கப்ளரில் அளக்க வேண்டும். ஈசியூவுக்குக் கரன்ட் கொடுத்து, சாவியை ஆன் செய்து, சென்சாரைக் கழற்றிய நிலையில் பாருங்கள். ஒரு பின்னில் 5 அல்லது 12 வோல்ட் நிலையாக நின்று, ஒன்று எர்த்தாக இருந்து, மூன்றாவதில் ஈசியூ அனுப்பும் 5 வோல்ட் தெரிந்தால் அது ஹால். அப்படி நிலையான கரன்ட் லைன் எதுவும் இல்லாமல், இரண்டு பின்னில் மட்டும் இரண்டு வோல்ட் சுமாருக்கு ஏதோ தெரிந்தால் அது காந்தச் சுருள்.

நான்கு வயர் என்றால் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒளி வகையாக இருக்கலாம். பழைய நிசான் என்ஜின்களில் ஒரே தட்டில் பாகைக்கு ஒன்றாக 360 பொத்தலும், சிலிண்டருக்கு ஒன்றாகத் தனிப் பொத்தலும் இருக்கும். கரன்ட், எர்த், இரண்டு சிக்னல். அந்தத் தட்டில் எண்ணெய் படிந்தால் சிக்னல் போய்விடும். துடைத்துவிட்டு அப்புறம் சோதியுங்கள்.

5. எந்தப் பின் எது: நிறத்தை நம்ப வேண்டாம்

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு தம்பி கையில் கருகிய கேம் சென்சாரை வைத்துக்கொண்டு நின்றார். “அண்ணே, சிவப்பு வயருக்குத்தானே கரன்ட் குடுத்தேன்?” என்றார். அந்த வயரிங்கில் சிவப்பு சிக்னல். கரன்ட் போக வேண்டியது மஞ்சளில் பச்சைக் கோடு போட்ட வயர். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷமும் மாறும். பழைய வண்டியில் முன்பே யாரோ வயர் மாற்றியிருந்தால் நிறத்துக்கு அர்த்தமே கிடையாது.

ஈசியூ கப்ளரில் பின் எண் அச்சாகியிருக்கும். அங்கிருந்து சென்சார் கப்ளர் வரை ஒவ்வொரு வயரையும் மீட்டரின் பஸ்ஸரில் தொட்டு உறுதி செய்யுங்கள். இதைச் செய்யும்போது பேட்டரி கழன்றிருக்க வேண்டும், ஈசியூவும் கப்ளரிலிருந்து கழன்றிருக்க வேண்டும். பஸ்ஸர் கத்தினால் போதாது. பக்கத்துப் பின்னைத் தொட்டால் கத்தாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். களிம்பு ஏறிய பழைய கப்ளரில் இரண்டு பின் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்துகிடப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

மீட்டர் முனையைக் கப்ளரின் பின்பக்கம், ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய ஊசியால் நுழையுங்கள். வயரின் மேல்தோலில் ஊசி குத்த வேண்டாம். மற்ற ஊர்களில் அது சின்னத் தவறு. நம் பக்கத்தில் அந்த ஊசித் துளை வழியாக உப்பு ஈரம் உள்ளே போய், சில மாதத்தில் வயர் உள்ளேயே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் முழு வயராகத்தான் தெரியும்.

ஹால் சென்சாருக்கு 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று படத்தில் கிடைக்கவில்லை என்றால் 5 வோல்ட்டில் ஆரம்பியுங்கள். குறைவாகக் கொடுத்தால் வேலை செய்யாது, அவ்வளவுதான். அதிகமாகக் கொடுத்தால் செத்துவிடும். கரன்ட்டையும் எர்த்தையும் தலைகீழாகக் கொடுத்தாலும் பல ஹால் சென்சார் போய்விடும். மேசையில் சோதிப்பதாக இருந்தால், சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் ஆயிரம் ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். ஹால் சென்சார்களில் பெரும்பாலானவை சிக்னலை எர்த்துக்கு இழுக்க மட்டுமே செய்யும், மேலே தூக்காது. அந்த ரெசிஸ்டர் இல்லாமல் சோதித்து, நல்ல சென்சாரைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்பேனரை ஒரு தடவை காட்டினால் சில சென்சார் அசையாது, நாலைந்து தடவை காட்டுங்கள்.

6. எர்த்தை முடித்துவிட்டுச் சிக்னலுக்கு வாருங்கள்

என்ஜினை ஏற்றும் அவசரத்தில் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருந்த பின்னல் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்ட் நூறு ஆம்பியருக்கு மேல். பட்டை இல்லாவிட்டால் அது வேறு வழி தேடிப் போகும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், சென்சாரின் எர்த் வயர் வழியாகவும் போகும். செல்ஃப் அடித்தவுடன் கேபிளைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் இதுதான் காரணம்.

பேட்டரி மைனஸிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு நேராக ஒரு தடித்த கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை. போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸைப் பூசிவிட்டு இறுக்கக் கூடாது.

சோதிக்கும் விதம் இது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி மைனஸிலும் மறு முனை என்ஜின் பிளாக்கிலும் இருக்க, செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதே மாதிரி ஈசியூவின் எர்த் பின்னிலும் பாருங்கள், அங்கே 0.1க்குள் இருப்பது நல்லது. ஓம்ஸில் அளந்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம்ஸில் நன்றாகவே காட்டும். கரன்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சென்சாரின் எர்த் வேறு. அது ஈசியூவில் சென்சாருக்கென்றே ஒதுக்கிய பின்னுக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் கிடைத்த போல்ட்டில் கொடுத்தால், ஆல்டர்னேட்டரும், பிளக்குக்குப் பொறி தரும் காயிலும் உண்டாக்கும் மின் இரைச்சல் எல்லாம் சிக்னலில் கலக்கும்.

7. வயர் போகும் பாதை

காந்தச் சுருள் சென்சாரின் சிக்னல் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவுதான் இருக்கும். பக்கத்தில் போகும் காயில் வயர் அதை எளிதாகக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, ஷீல்டுக்குள் கொண்டு போக வேண்டும். முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவில் ஏறும், ஈசியூ அதைக் கழித்துவிடும்.

ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். சென்சார் பக்கம் வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் கொடுத்தால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடத் தொடங்கும். இரைச்சலைத் தடுக்க வைத்ததே இரைச்சலை உண்டாக்கும்.

காயில், ஆல்டர்னேட்டர், செல்ஃப் கேபிளிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளிப் போகட்டும். கடக்கத்தான் வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். சைலன்சர் குழாய்க்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் தள்ளிக் கட்டுங்கள். என்ஜின் ஆடும், பாடி ஆடாது. நடுவில் கொஞ்சம் தொய்வு விடாவிட்டால் கப்ளர் கழுத்தில் வயர் அறும்.

8. ஜாயின்ட்

தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று. என்ஜின் மாற்றி இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஐப்பசி மழையில் வாடைக் காற்று ஆரம்பித்ததும் தினம் ஒரு முறை நிற்க ஆரம்பித்தது. ஆறவிட்டால் ஓடும். கிராங்க் சென்சாரை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். நான் கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி டேப் சுற்றிய இடத்தைப் பிரித்தேன். வெயிலில் டேப்பின் பசை உருகி விரலில் கறுப்பாக ஒட்டியது. அதற்குக் கீழே முறுக்கிய செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. விரலால் தொட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தது. மேல்தோலைச் சீவிக்கொண்டே போனேன். உள்ளே இழைகள் கறுத்துப்போயிருந்தன. ஏழு அங்குலம் போன பிறகுதான் செம்பு நிறம் தெரிந்தது.

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், வாலிநோக்கம் என்று கடலை ஒட்டி ஓடும் எந்த வண்டிக்கும் இதே கதை. இழைகளுக்கு நடுவே ஈரம் தானே ஏறிப் போகும், திரியில் எண்ணெய் ஏறுவது போல. ஆகவே ஜாயின்ட் போடும் முன், செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, உருண்டு நிற்கும். ஒட்டவில்லையே என்று ஆசிட் வைத்துப் பற்றவைத்தால் அந்த ஆசிட்டே மிச்சத்தைத் தின்றுவிடும். ரோசின் மட்டும்தான்.

முடிந்தவரை நடு ஜாயின்ட்டே இல்லாமல், ஈசியூ பின்னிலிருந்து சென்சார் பின் வரை ஒரே வயராக இழுங்கள். டின்டு காப்பர் என்று படகு வயரிங்குக்கு விற்கும் வயர், ஒவ்வொரு இழையும் வெள்ளி நிறத்தில் பூச்சோடு இருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் இந்தக் கடற்கரையில் நான் வேறு வயர் போடுவதை நிறுத்திவிட்டேன். சிக்னலுக்கு 0.5 சதுர மி.மீ. போதும்.

ஜாயின்ட் தவிர்க்க முடியாவிட்டால், இரண்டு வயரின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஹீட் ஷ்ரிங்க் டியூபை முதலில் வயரில் கோத்துவிட்டு அப்புறம் பற்றவையுங்கள். சொன்னால் எல்லோரும் தெரியும் என்பார்கள், ஆனால் பற்றவைத்து முடித்த பிறகு டியூப் மேசையில் கிடப்பதைப் புதிதாக வருகிறவர்களிடம் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். டியூபைச் சுடும்போது இரண்டு ஓரத்திலும் பசை வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் அது மூடவில்லை. ஈயம் ஏறிய இடம் விறைப்பாகிவிடுவதால், அதன் இரண்டு பக்கமும் வயரை ஏதாவது ஒன்றில் கட்டுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தில் அந்த ஓரத்திலேயே அறும்.

கப்ளரின் ரப்பர் சீல் இருக்கிறதா பார்த்து, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வைத்து மாட்டுங்கள். கிராங்க் சென்சாரின் கப்ளர் வாய் மேலே பார்த்து இருந்தால் தண்ணீர் தேங்கும். வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டு போங்கள், சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

9. எரிபொருளை நிறுத்திவிட்டுச் செல்ஃப் அடியுங்கள்

பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ எடுங்கள். காயில், இன்ஜெக்டர் கப்ளர்களையும் கழற்றுங்கள். சிக்னல் மட்டும் பார்க்கிற நேரத்தில் பெட்ரோல் சேர்ந்தால் பிளக் நனையும். தப்பான நேரத்தில் பொறி வந்தால் செல்ஃப் மோட்டாரின் மூக்கு உடையும்.

பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருக்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் காந்தச் சுருள் சென்சாரின் சிக்னலும் சிறுத்துவிடும்.

ஸ்கேனரில் ஆர்.பி.எம்.மைத் திறந்து வைத்து ஐந்து நொடி அடியுங்கள். 200, 250 என்று ஓரளவு நிலையாக நின்றால் கிராங்க் சிக்னல் போய்ச் சேர்கிறது. பூஜ்ஜியமாகவே இருந்தால் வயர், சென்சார், சக்கரம் மூன்றில் ஒன்று. 0, 900, 150 என்று தாவினால் இரைச்சல் அல்லது தலைகீழ் வயர், அல்லது சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி. பல காந்தச் சுருள் சென்சார்களுக்கு அந்த இடைவெளி அரை மி.மீ.யிலிருந்து ஒன்றரை மி.மீ. வரை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையாத இடம் என்றால், மூக்கில் சின்ன மாவு உருண்டை ஒட்டி, சென்சாரை மாட்டிக் கழற்றி, அமுங்கிய கனத்தை அளக்கலாம். என்ஜினைச் சுற்றாமல் ஒரு பல்லுக்கு நேராக வைத்துச் செய்யுங்கள்.

ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடுகளையும் படித்துவிடுங்கள். பி0335 வந்தால் கிராங்க் சர்க்யூட், பி0340 வந்தால் கேம் சர்க்யூட். பி0016 வந்தால் இரண்டு சிக்னலும் வருகின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்தக் குறியீட்டுக்கு வயரை விட்டுவிட்டு டைமிங் பெல்ட்டுக்குப் போங்கள்.

10. இரண்டு வயர் சென்சாரில் தலைகீழ்

காந்தச் சுருள் சென்சாருக்கு கரன்ட் இல்லை என்பதால் எந்த வயரை எங்கே கொடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பார்கள். சென்சார் கெடாது, உண்மை. ஆனால் ஈசியூ தவறாகப் படிக்கும்.

பல் நெருங்கும்போது வோல்ட் ஒரு பக்கம் ஏறும். பல்லின் நடுவில் செங்குத்தாகப் பூஜ்ஜியத்தைக் கடந்து மறுபக்கம் போகும். பிறகு மெதுவாகத் திரும்பும். அந்தச் செங்குத்தான கடப்பைத்தான் ஈசியூ பிடிக்க வேண்டும். வயர் மாறினால் அது மெதுவாகத் திரும்பும் பக்கத்தைப் பிடிக்கும். பல் இல்லாத இடைவெளியில் அந்தக் கடப்பு எங்கே என்றே தெளிவாக இருக்காது.

இதில் மோசமானது என்னவென்றால், தலைகீழாகக் கொடுத்தும் சில வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஏறத்தாழ அரைப் பல் அளவு டைமிங் தவறி ஓடும். 60 பல் கணக்கில் அது சுமார் 3 பாகை, 36 பல் கணக்கில் சுமார் 5. இழுவை இருக்காது, மேல் வேகத்தில் வெட்டும். ஸ்கோப்பில் பார்த்தால் உடனே தெரியும். ஸ்கோப் இல்லாவிட்டால் இரண்டு வயரையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எதில் ஆர்.பி.எம். நிலையாக நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். நிரந்தர ஜாயின்ட் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதால், ஈசியூ பக்கத்துப் பின்னைக் கப்ளருக்குள் கடைசியாகப் பூட்டுங்கள்.

11. ஸ்டார்ட்

கழற்றியதையெல்லாம் மாட்டுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். நன்றாகப் பிடித்தால் ஓடவிட்டு, பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். தனி ஈசியூ என்றால் பொறியின் டைமிங்கை 10 பாகையில் பூட்டிவிட்டு, புல்லியின் குறியும் அதே 10இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 1000 ஆர்.பி.எம்.மிலும் 3000த்திலும் குறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நகர்ந்தால் பத்தாவது படிக்குத் திரும்புங்கள். என்ஜினோடு வந்த பழைய ஈசியூ என்றால் திருத்த ஒன்றும் இல்லை, பிழைக் குறியீடு வராமல் இருந்தால் போதும்.

இன்டேக் வழியாகப் பட்டென்று வெடித்தால் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இடத்தில் உட்காரும் கேம் சென்சார் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம். கேமில் அரைச் சுற்று என்றால் கிராங்க்கில் முழுச் சுற்று. பிஸ்டன் மேலேதான் இருக்கும், ஆனால் அமுக்கத்துக்குப் பதில் புகை தள்ளும் சுற்று. இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள என்ஜின் இந்தத் தவறோடும் ஓடிவிடும், பெட்ரோல் மட்டும் தப்பான நேரத்தில் விழும். பிளக்குக்கு ஒரு காயில் உள்ளது ஓடவே ஓடாது.

12. முதல் ஒரு மாதம்

முதல் நாள் என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி நிறுத்தி, உடனே திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆறின என்ஜினில் வேலை செய்து சூட்டில் விடும் சென்சார் உண்டு. சுருளுக்குள் விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து துண்டாகும். கழற்றி அளந்தால் அதற்குள் ஆறி, சரியாகக் காட்டிவிடும். சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் அழுத்தத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். அரிச்சல்முனை போய் வந்து உப்பு படிந்திருந்தால், ஈரத்துணியால் நல்ல தண்ணீரில் துடைத்துக் காய விடுவது போதும். அழுத்தமாக அடித்த தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் திரும்ப வெளியே வராது.

ஒரு மாதம் கழித்து இரண்டு சென்சார் கப்ளரையும் ஒரு முறை கழற்றி, பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் அப்படியே மாட்டிவிடலாம். ஒரு பின்னின் ஓரத்தில் ஊசி முனை அளவு பச்சை தெரிந்தாலும் சீலை மாற்றுங்கள், அன்றைக்கே.